இடுப்பு முறிந்தவருக்கு விறைப்பூசி ஒப்பரேஷன் வரை காத்திருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் கிணற்றடி பாசி பிடிக்கும், முற்றம் சறுக்கும், திருவெம்பாவைக்கு விடியப்பறம் எழும்பிக் குளிக்கப் போகிற ஆச்சிமாரில் யாராவது ஒருவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார். விழாமல் இருப்பது எப்படி என்று எழுதப் பலர் இருக்கிறார்கள், அதை நான் விடுகிறேன். விழுந்த பிறகு ஒப்பரேஷன் நடக்கிற வரைக்கும் அந்த வயதுபோன உடம்பு படுகிற நோவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்த நோவை அரை மணித்தியாலத்துக்குள் நன்றாகக் குறைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. அது புதிதும் இல்லை, விலை கூடியதும் இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. கேட்டால்தானே கிடைக்கும்.

நான் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள், எலும்பு முறிவு வாட்டுகளில் கனகாலம் நின்றிருக்கிறேன். இடுப்பு முறிந்தவரை முதல் பார்வையிலேயே தெரியும்: ஒரு கால் மற்றதை விடக் கட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். அசையாமல் கிடந்தால் பெரிய நோ இல்லாதவர் போல இருப்பார், கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடப்பார். வீட்டுக்காரரும் "அம்மாவுக்கு இப்ப பரவாயில்லை" என்று கனடாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுவார்கள். எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டியிலிருந்து மேசைக்கு மாற்றும்போதுதான் உண்மை தெரியும். இரண்டு பேர் தோளைப் பிடித்து, ஒருவர் காலைத் தாங்கி, விரிப்போடு சேர்த்துத் தூக்குகிற அந்த ஒரு நிமிஷத்தில் வருகிற சத்தம் கேட்டவர்களுக்கு மறக்காது. திரும்ப வண்டிக்கு, பிறகு வாட்டில் கட்டிலுக்கு. விரிப்பு மாற்ற ஒருக்கால், முதுகு துடைக்க ஒருக்கால், மலசலச் சட்டி வைக்க ஒருக்கால். "பிள்ளை, என்னைத் தொடாதை பிள்ளை, நான் இப்பிடியே கிடக்கிறன்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சாத ஆச்சிமார் குறைவு.

அந்தச் சட்டிக்குப் பயந்து தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார்கள், ஏனென்று கேட்டால் "தாகமில்லை" என்பார்கள். குடித்தால் சலம் வரும், சலம் வந்தால் இடுப்பைத் தூக்க வேண்டும், அதுதான் காரணம். இப்படியே ஒரு இரவு போனால் நாக்கு வறண்டு, சிறுநீரகமும் தளரத் தொடங்கும். இருமினால் நோகும் என்று இருமாமல் அடக்குவார்கள், நெஞ்சில் சளி கட்டும். திரும்பினால் நோகும் என்று ஒரே பக்கமாகக் கிடப்பார்கள், குதிக்காலிலும் பிட்டத்திலும் புண் வரும். நோ என்பது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு போகிற விசயம் இல்லை, மற்ற எல்லா வருத்தத்துக்கும் அதுதான் கதவைத் திறந்துவிடுகிறது.

சரி, அந்த ஊசி என்ன? பல்லுப் பிடுங்கமுன் முரசில் போடுகிற விறைப்பூசி எல்லாருக்கும் தெரியும், அந்தக் குடும்பத்து மருந்துதான் இதுவும். பெரும்பாலும் பியூபிவக்கேன். தொடையும் வயிறும் சேருகிற இடத்தில் தோலுக்குக் கீழே, தசையைப் போர்த்தியிருக்கிற ஃபாசியா இலியாக்கா என்ற மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த உறைக்குக் கீழே மருந்தை விட்டால் அது பரவிப்போய், இடுப்பிலும் தொடையிலும் இருந்து நோவைக் கொண்டுபோகிற நரம்புகளை விறைக்கப் பண்ணும். முள்ளந்தண்டில் குத்துவதில்லை, ஆளை மயக்குவதில்லை. நோயாளி மல்லாந்து கிடந்தபடியே இருப்பார், திருப்பவோ இருத்தவோ தேவையில்லை. ஸ்கான் கருவியை மேலே வைத்து ஊசி முனை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போடலாம். ஸ்கான் இல்லாத இடத்தில் முனை மழுங்கிய ஊசியால் அந்த உறையும் அதற்கு மேலே இருக்கிற இன்னொரு உறையும் ஒன்றன்பின் ஒன்றாக விடுவதைக் கையால் உணர்ந்து போடுகிற முறையும் உண்டு. மருந்து விட்டு இருபது முப்பது நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும், பல மணித்தியாலம் நிற்கும்.

1989இல் பிரான்சில் டாலன்ஸ் என்ற வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும் சிறுபிள்ளைகளுக்கென்று எழுதிவைத்த முறை இது, பிறகு வயதுபோனவர்களின் இடுப்பு முறிவுக்குத்தான் இது கூடப் பயன்பட்டது. 2018இல் எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கிற டொரொன்டோவிலிருந்தே பெங் என்று சொல்லப்படுகிற இன்னொரு முறையும் வந்தது. இடுப்பு மூட்டின் முன்பக்கத்துச் சிறு நரம்புகளை மட்டும் குறிவைப்பதால் காலின் பலம் அவ்வளவு குறைவதில்லை. எந்த முறை நல்லது என்று நிபுணர்கள் பேசிக்கொள்ளட்டும். ஏதாவது ஒன்று நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு ஒன்று 2020இல் 49 ஆய்வுகளை, மொத்தம் 3,061 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நோவைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை அளந்தால், ஊசி போட்டு 30 நிமிடத்துக்குள், அசையும்போது வருகிற நோ, ஊசி போடாதவர்களை விடச் சுமார் இரண்டரைப் புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. "அசையும்போது" என்பதைக் கவனியுங்கள், வாட்டில் சத்தம் கேட்பது அப்போதுதான். நெஞ்சுச் சளிக் கிருமித்தொற்றும் குறைவதாகத் தெரிகிறது, ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆட்கள் கொஞ்சம் முந்தி எழும்பி நடக்கிறார்கள். ஏறக்குறைய 12 பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் மாறாட்டத்திலிருந்து, அதாவது திடீரென்று வருகிற புத்தித் தடுமாற்றத்திலிருந்து, தப்புகிறார். சாவு குறைந்தது என்று அந்த மதிப்பீட்டால் காட்ட முடியவில்லை, ஆகவே இது உயிர்காக்கும் ஊசி என்று நான் எழுத மாட்டேன். நோவைக் குறைப்பதே போதிய காரணம் இல்லையா?

மாறாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது அதுதான். என் பெரியம்மா எண்பது கடந்தவர், தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்து, பென்சன் காசுக்குக் கொப்பியில் கணக்கு எழுதி வைத்திருந்தவர். விழுந்து, ஒரு வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குக் காத்திருந்தபோது அவருக்குக் கிடைத்தது பனடோலும், இரவில் எப்போதாவது ஒரு ஊசியும்தான். "வயசுபோன ஆள், கூடக் குடுத்தால் பிரஷர் இறங்கிவிடும்" என்றார்கள். விறைப்பூசி பற்றிக் கேட்டேன், "அதெல்லாம் தியேட்டரில பார்ப்பம்" என்று பதில் வந்தது. இரண்டாம் இரவு பெரியம்மா விரிப்பின் நூலை விரலால் பிடுங்கிக்கொண்டு, எப்போதோ செத்துப்போன தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், சேலைன் குழாயைக் கழற்றி எறிந்தார். பக்கத்துக் கட்டில்காரர் "ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது" என்றார்கள். வாட்டில் நின்ற இளம் ஆட்களும் வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். முந்தாநாள் வரைக்கும் கணக்கு எழுதிய மனிசிக்கு ஒரே இரவில் அறளை பெயராது. அது மாறாட்டம், அதற்குக் காரணம் இருக்கும், அந்தக் காரணங்களில் அடக்காமல் விட்ட நோவும் ஒன்று.

இது என் சொந்தக் கதை மட்டும் இல்லை. நியூயோர்க்கில் இடுப்பு முறிந்த 541 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை அறிவு தெளிவாக இருந்தவர்களில் கடும் நோவோடு விடப்பட்டவர்களுக்கு மாறாட்டம் வருகிற ஆபத்து மற்றவர்களை விட ஒன்பது மடங்கு இருந்தது. மோர்பின் வகை மருந்து மிகக் குறைவாகக் கிடைத்தவர்களுக்கும் மாறாட்டம் கூட. மருந்துக்குப் பயந்து நோவை விட்டால் மூளை தப்பும் என்ற எண்ணம் தலைகீழானது என்று இதிலிருந்தே தெரிகிறது. அதே ஆய்வில் பெத்திடின் என்ற நோ ஊசி போடப்பட்டவர்களுக்கும் மாறாட்டம் கூடுதலாக வந்தது, இதைப் பெத்திடினுக்குப் பழகிப்போன எங்கள் வாட்டுகள் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் மோர்பினையே கூடக் கொடுக்கலாமே என்றால், அதற்கும் எல்லை இருக்கிறது. சலரோகம், பிரஷர், பழுதான சிறுநீரகம் உள்ள ஒரு எண்பது வயதுக்காரருக்கு மோர்பின் கூடினால் நித்திரை தூங்கும், மூச்சு மெதுவாகும், சத்தி வரும், மலச்சிக்கல் வரும். பின்வழியாக வைக்கிற டைக்லோபெனக் எங்கள் ஊரில் கை தொட்டவுடன் எடுக்கிற மருந்து, ஆனால் இந்த வயதில் அது சிறுநீரகத்தையும் குடலையும் பதம்பார்க்கும். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட இடுப்பு முறிவு வழிகாட்டி அந்த வகை மருந்துகளை இந்த நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. பனடோலை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒழுங்காகக் கொடு, போதாவிட்டால் மோர்பின் வகையைச் சேர், அதுவும் போதாவிட்டால், அல்லது மோர்பினைக் குறைக்க வேண்டுமென்றால், நரம்பை விறைக்கப் பண்ணு என்பதுதான் அது சொல்லும் வழி. முதல் மருந்து கொடுத்து 30 நிமிடத்துக்குள் திரும்ப வந்து நோ எப்படி என்று கேட்க வேண்டும், வாட்டில் நிலைப்படும் வரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கேட்பதற்கு மருந்தும் தேவையில்லை, காசும் தேவையில்லை. மறதி நோய் உள்ளவர்கள் நோகுது என்று வாயால் சொல்ல மாட்டார்கள், அவர்களின் முகத்தையும் கையையும் பார்க்க வேண்டும்.

காலில் பாரம் கட்டித் தொங்கவிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பரேஷனுக்கு முன்னர் இப்படிக் காலை இழுத்துக் கட்டுவதால் நோ குறைகிறதா என்று ஆராய்ந்தவர்கள், எல்லாருக்கும் வழக்கமாக அதைச் செய்வதால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றே முடித்தார்கள். பாரம் தொங்குகிறது, ஆகவே நோவுக்கு ஏதோ செய்தாகிவிட்டது என்று குடும்பம் நிம்மதிப்படக் கூடாது.

இந்த ஊசிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை, அதை மறைக்க மாட்டேன். மருந்தின் அளவு உடம்பின் நிறையைப் பொறுத்தது. பியூபிவக்கேன் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. எங்கள் ஆச்சிமார் பலர் நாற்பது கிலோ கூட இருக்க மாட்டார்கள். 35 கிலோ ஆச்சிக்கு 70 மில்லிகிராம், அதாவது 0.25 வீதக் கரைசலில் 28 மில்லிலீற்றர்தான். வெள்ளைக்காரப் புத்தகத்தில் 40 என்று இருக்கிறதே என்று 40 விட்டால் பிழைத்துவிடும். மருந்து இரத்தக் குழாய்க்குள் போனால் நாக்கு விறைக்கும், காதில் இரைச்சல் கேட்கும், வலிப்பு வரலாம், இதயம் தடுமாறலாம். அதனால் போட முன்பும் போட்ட பின்பும் நாடி, பிரஷர், ஈசிஜி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், முறிப்பு மருந்தான 20 வீதக் கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வார்பரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கிற குளிசை குடிப்பவர் என்றால் முதலே சொல்லுங்கள், கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். இன்னுமொன்று, விறைத்த இடம் நோவைச் சொல்லாது, ஆகவே புண் வராமல் அந்தக் காலைத் தாதியும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் எங்களிடம் இல்லையா? இருக்கிறார்கள். மயக்க மருந்து வைத்தியர்களுக்கு இது புதுக் கலை இல்லை. ஒப்பரேஷன் மேசையில் முள்ளந்தண்டு ஊசி போட இருத்தும்போதோ சரிக்கும்போதோ நோகக் கூடாதென்று அப்போது போடுவதும் உண்டு. ஆனால் அதற்குள் எக்ஸ்ரே மேசையும் வாட்டுக் கட்டிலும் எத்தனை தரம் சட்டியும் முடிந்துபோயிருக்கும்! எக்ஸ்ரேயில் முறிவு உறுதியான உடனே, அவசர சிகிச்சைப் பிரிவிலேயே, வாட்டுக்கு அனுப்ப முன்னர் போட வேண்டும். ஒப்பரேஷன் அன்றோ மறுநாளோ நடக்க வேண்டும் என்பது இங்கிலாந்து வழிகாட்டியின் கணக்கு. இங்கே நெஞ்சு வருத்தம் பார்க்க, இரத்தம் தேட, தியேட்டர் கிடைக்க என்று நாள் இழுபட்டால், இழுபடும் நாள்களுக்குத்தான் இந்த ஊசி கூடத் தேவை. மருந்து விட்டுப்போனால் திரும்பப் போடலாம், அல்லது மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்துத் தொடர்ந்து விடலாம்.

ஆள் போதாது என்பார்கள். உண்மைதான், 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நடு இரவில் வந்து இறங்குகிற ஒவ்வொரு இடுப்பு முறிவுக்கும் மயக்க மருந்து நிபுணரை எழுப்ப முடியாது. அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவசர பிரிவு வைத்தியர்கள் மட்டுமில்லை, முறையாகப் பயிற்சி பெற்ற தாதியரும் இந்த ஊசியைப் போடுகிறார்கள். எங்கள் தாதியருக்கும் கை இருக்கிறது, மூளை இருக்கிறது, பயிற்சியும் அனுமதியும்தான் வேண்டும். முதலில் அவசர பிரிவில் நிற்கிற வைத்திய அதிகாரிகளுக்குப் பழக்குங்கள், ஒரு தாளில் அளவுக் கணக்கை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள், பிறகு தாதியருக்கு வாருங்கள். இதைச் சுகாதாரத் திணைக்களம் எழுத்தில் ஒழுங்காக்காமல் தனி ஒரு வைத்தியரின் ஆர்வத்தில் விட்டால், அவர் மாற்றலாகிப் போகிற அன்றே ஊசியும் போய்விடும்.

இதில் தூரத்து ஊர்களை மறக்கக் கூடாது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றுகிற நோயாளிக்கு, வழியிலுள்ள ஒவ்வொரு குழியும் இடுப்பில்தான் விழும். நெடுந்தீவுக்காரருக்கு முதல் படகு, குறிகட்டுவானில் இறக்கம், பிறகு பாலம் பாலமாகத் தரைவழி. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்தது பெரிய உதவி, ஆனால் அம்புலன்சுக்குள் ஏற்ற முன்னரே நோவை அடக்கியிருந்தால்தான் அந்தப் பயணம் தாங்கும். மாற்றிவிடுகிற வைத்தியசாலையில் பயிற்சி பெற்றவரும் கண்காணிப்புக் கருவியும் இருந்தால் அங்கேயே விறைப்பூசி போட்டு அனுப்பலாம். இல்லாவிட்டால் அளவறிந்து மோர்பினாவது கொடுத்து அனுப்புங்கள், வெறும் கடிதத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

வீட்டுக்காரருக்கு நான் கேட்டுக்கொள்வது: விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி நடக்கப் பண்ணிப் பார்க்காதீர்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பத்துப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள், கை மணிக்கட்டு மாதிரி வெளியிலிருந்து கட்டி இடுப்பைப் பொருத்த முடியாது. வைத்தியசாலையில் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "டொக்டர், அம்மாவுக்கு அசைக்கேக்க நோகுது, இடுப்பு நரம்புக்கு விறைப்பூசி போடலாமோ? போடேலாதெண்டால் என்ன காரணம்?" காரணம் இருக்கலாம், சொல்லட்டும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் போனில் "ஒப்பரேஷன் எப்ப?" என்று மட்டும் கேட்காமல் "நோவுக்கு என்ன குடுத்தவை?" என்றும் கேளுங்கள். ஆள் திடீரென்று மாறாட்டமாகக் கதைத்தால் வயது என்று விடாமல், நோ, தண்ணி, சலம், மருந்து என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டத்து மயக்க மருந்து நிபுணர்களையோ எலும்பு முறிவு நிபுணர்களையோ கேட்டு, எந்த வைத்தியசாலையில், பகலிலா இரவிலும் கூடவா, இந்த ஊசி போடப்படுகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வயதுபோனவர்கள் இருக்கிற வீட்டில் அதை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டிவைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.